நாணயமான கணக்கும் நீதியான ஆட்சியும்



நம்முடைய வீடுகளிலும், பூசை முடிந்து கோவில் வாசலில் நிற்கும்போதும், தேர்தல் சமீபிக்கும் நாட்களில் தேநீர்க் கடைகளிலும் அடிக்கடி காதில் விழும் பேச்சு ஒன்றுண்டு. லஞ்சம் வாங்காத, சொத்து சேர்க்காத, தெய்வபயமுள்ள ஒரே ஒரு மனிதனிடம் முழு அதிகாரத்தையும் ஒப்படைத்துவிட்டால் நாடு சீர்ப்பட்டுவிடும் என்பதே அது. இந்தப் பேச்சு கெட்ட எண்ணத்திலிருந்து பிறப்பதன்று. அலைந்து அலைந்து காரியம் நடவாமல் சலித்துப்போன நெஞ்சத்திலிருந்து பிறப்பது. ஆயினும் அது சரிதானா என்று விசாரித்துப் பார்ப்பது நம் கடமை. வெறும் தர்க்கத்தைக் கொண்டு விசாரிப்பதைவிட, உண்மையாகவே அப்படி வாழ்ந்து, அப்படியே முழு அதிகாரத்தையும் பெற்று, ஏறக்குறைய நாற்பது வருஷம் ஒரு நாட்டை ஆண்ட மனிதரின் சரித்திரத்தைக் கொண்டு விசாரிப்பது மேல். அவர்தான் போர்த்துக்கல் தேசத்தின் பிரதம மந்திரியாயிருந்த அந்தோனியோ தெ ஒலிவேரா சலசார்.

எங்கோ ஐரோப்பாவின் மேற்குக் கோடியில் இருந்தவர் நமக்கு எதற்கு என்று கேட்க வேண்டாம். நாம் தினமும் வழங்கும் சாவி, சன்னல், மேசை, அலமாரி என்ற சொற்களெல்லாம் போர்த்துக்கீசியர் விட்டுச் சென்றவை. 1606-ல் பாப்பரசர் 5-ம் சின்னப்பர் மயிலாப்பூரை ஒரு மேற்றிராசனமாக ஏற்படுத்திய காலந்தொட்டு, பத்ரோவாதோ எனப்பட்ட ஞானாதரவு உரிமையின்படி, நமது மேற்றிராணியாரை நியமிப்பதில் போர்த்துக்கல் ராஜாங்கத்துக்குப் பங்கு இருந்துவந்தது. சலசார் ஆட்சிக் காலத்தில் 1937 முதல் 1951 வரை மயிலை மேற்றிராணியாராயிருந்த மனுவேல் தெ மெதெய்ரோஸ் கெரெய்ரோ ஆண்டகையும் போர்த்துக்கீசியரே. 1950-ம் வருஷம் ஜூலை 18-ந் தேதி அர்ச்சியசிஷ்ட பீடத்துக்கும் போர்த்துக்கல்லுக்கும் ஏற்பட்ட உடன்படிக்கையின்படி அந்த உரிமை இங்கே கைவிடப்பட்டது. 1952-ல் சென்னையும் மயிலையும் ஒரே அதிமேற்றிராசனமாக இணைந்து, லூயிஸ் மத்தியாஸ் ஆண்டகை அதன் முதல் அதிமேற்றிராணியாரானார். சாந்தோம் ஆலயமே அதன் தலைமைக் கோவிலாயிற்று. ஆகவே சலசாரின் கையொப்பம் ஒருகாலத்தில் நமது கோவில் வரைக்கும் எட்டியிருந்தது எனலாம்.

இனி அவரது வாழ்க்கையைப் பார்ப்போம்.

1889-ம் வருஷம் ஏப்ரல் 28-ந் தேதி, சாந்தா கோம்பா தாவோ என்னும் ஊரை அடுத்த வீமியெய்ரோ கிராமத்தில், எளிய குடும்பத்தில் பிறந்தார். 1900-ல் விசேயு நகரத்துக் குருமடத்தில் சேர்ந்து எட்டு வருஷம் படித்தார். சிறிய பட்டங்களும் பெற்றார். ஆயினும் குருப்பட்டம் பெறவில்லை. 1910-ல் கொயிம்பிரா சர்வகலாசாலையில் சட்டம் படிக்கச் சென்று, பின்பு அங்கேயே பொருளாதாரப் பேராசிரியரானார். அங்கே அவரோடு ஒரே வீட்டில் தங்கியிருந்த நண்பர்தான் பிற்காலத்தில் லிஸ்பன் நகரத்துப் பாத்திரியார்க்கும் கர்தினாலுமாகிய செரெஜெய்ரா.

அந்நாளில் போர்த்துக்கல் இருந்த நிலைமை பரிதாபமானது. 1910-ல் அரசர் துரத்தப்பட்டுக் குடியரசு வந்தது. பதினாறு வருஷத்தில் நாற்பதுக்கும் மேற்பட்ட மந்திரிசபைகள் வந்து போயின. கன்னியர்களும் துறவிகளும் மடங்களிலிருந்து வெளியேற்றப்பட்டார்கள். கஜானா காலி. 1926-ல் ராணுவத்தார் ஆட்சியைப் பிடித்தும் கணக்கு நேராகவில்லை. 1928 ஏப்ரலில் அவர்கள் சலசாரை நிதி மந்திரியாக அழைத்தபோது, எல்லா இலாகாக்களின் செலவும் தம் சம்மதத்துக்கு உட்பட வேண்டும் என்று நிபந்தனை விதித்தே அவர் ஒப்புக்கொண்டார். ஓராண்டுக்குள் பற்றாக்குறை நீங்கி உபரி தோன்றியது. நாடு அதிசயித்தது. 1932 ஜூலை 5-ந் தேதி அவர் பிரதம மந்திரியானார். 1968 வரை அந்த நாற்காலியை விடவில்லை.

அவரிடமிருந்த நற்குணங்களைக் குறைத்துச் சொல்வது நியாயமாகாது. அவர் விவாகம் செய்யவில்லை. பொக்கிஷப் பணத்தில் ஒரு காசு தமக்கென எடுத்தவரல்லர். ஆடம்பர விருந்து, படோடோபம், கூட்டங்கூட்டி முழங்குதல் எதையும் விரும்பாதவர். இரண்டாம் உலக யுத்தத்தில் தம் தேசத்தைச் சேராமல் காத்து, பல்லாயிரம் வாலிபர்களின் உயிரை மிச்சப்படுத்தினார். 1940-ல் அர்ச்சியசிஷ்ட பீடத்தோடு ஒப்பந்தம் செய்து, திருச்சபைக்குக் குடியரசு இழைத்த தீங்குகளில் பலவற்றைச் சீராக்கினார். இறந்தபோது பெருஞ்சொத்து எதுவும் வைத்துப் போகவில்லை. சொந்தக் கிராமத்துக் கல்லறைத் தோட்டத்தில் எளிய குழியொன்றில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் மக்கள் விரும்பும் ஆட்சியாளனுக்கு வேண்டிய லட்சணங்கள் இவையே அல்லவா? லஞ்சமில்லை, குடும்பமில்லை, சொத்தில்லை, பக்தியுண்டு. அப்படியானால் அவர் ஆட்சி நீதியாட்சியாய் இருந்திருக்க வேண்டும். இருந்ததா?

1933-ல் அவர் வகுத்த புதிய அரசியல் சட்டத்தின் கீழ் ஒரே ஒரு அரசியல் அமைப்புக்குத்தான் இடம் இருந்தது. பத்திரிகைகள் தணிக்கைக்குப் பிறகே அச்சேறின. ரகசியப் போலீஸ் ஏற்படுத்தப்பட்டது. எதிர்த்தவர்களைச் சிறைப்படுத்த 1936-ல் கேப் வெர்தே தீவில் தராபால் என்ற இடத்தில் ஒரு முகாம் திறக்கப்பட்டது. அங்கே போனவர்களில் பலர் திரும்பவில்லை. 1958-ல் ஜனாதிபதி தேர்தலில் உம்பெர்த்தோ தெல்காதோ என்ற தளபதி எதிர்த்து நின்று, தாம் வென்றால் சலசாரைப் பதவி நீக்குவதாகப் பகிரங்கமாகச் சொன்னார். ஜனங்கள் திரள் திரளாக அவர் பின்னே போனார்கள். தேர்தலில் அவர் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த வருஷமே சட்டம் திருத்தப்பட்டு, ஜனாதிபதியை மக்கள் நேரே தெரிந்துகொள்ளும் உரிமை எடுக்கப்பட்டது. 1965 பிப்ரவரியில் ஸ்பெயின் எல்லைக்கு அருகே ரகசியப் போலீசாரால் தெல்காதோ கொல்லப்பட்டார். வரவு செலவு நேராயிருந்த அந்த நாட்டில் 1970-ம் ஆண்டிலும் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இதையும் அந்தக் கணக்கில் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

ஆட்சியின் நீதியைச் சட்டப் புத்தகத்தில் பார்ப்பதைவிட, மனசாட்சியுள்ள மனிதர்களை அது எப்படி நடத்தியது என்பதில் பார்ப்பது தெளிவு. மூவரைச் சொல்லுகிறேன். மூவரும் சலசாரின் பகைவர்களல்லர். அவருடைய ராஜ்யத்தில் பொறுப்புள்ள இடங்களில் இருந்தவர்கள்.

முதலாமவர் அரிஸ்திதெஸ் தெ சூசா மெந்தெஸ். இவர் பிரான்சு தேசத்துப் போர்தோ நகரில் போர்த்துக்கல்லின் பிரதிநிதி. பதினான்கு பிள்ளைகளின் தகப்பன், பக்தியுள்ள கத்தோலிக்கர். 1940 ஜூனில் ஹிட்லரின் சேனைக்குத் தப்பி ஓடிவந்த யூதர்களும் மற்ற அகதிகளும் அவர் வாசலில் வந்து விழுந்தார்கள். நாடற்றவர்களுக்கும் யூதர்களுக்கும் லிஸ்பன் அனுமதியின்றி நுழைவுச் சீட்டு வழங்கலாகாது என்று 1939 நவம்பரில் சலசார் சர்க்கார் உத்தரவிட்டிருந்தது. சூசா மெந்தெஸ் அந்த உத்தரவை மீறி, ஆயிரக்கணக்கில் சீட்டுகளில் கையொப்பமிட்டார். அவர்மேல் விசாரணை நடந்து பதவி போயிற்று. 1954-ல் லிஸ்பனில் பிரான்சிஸ்கு சபையாரின் வைத்தியசாலையில் வறுமையில் மரித்தார். 2021-ல் அந்தத் தேசமே தன் பெரியோர் நினைவு மண்டபத்தில் அவருக்கு இடமளித்தது.

இரண்டாமவர் போர்த்தோ நகரத்து மேற்றிராணியார் அந்தோனியோ பெரெய்ரா கோமெஸ். 1958 ஜூலையில் இவர் சலசாருக்கு ஒரு கடிதம் எழுதினார். தொழிலாளரும் குடியானவரும் படும் பாட்டையும், திருச்சபையின் சமூகப் போதனையைத் தடையின்றிப் போதிக்கவும் அதன்படி நடக்கவும் கத்தோலிக்கருக்கு வேண்டிய சுதந்திரத்தையும் அதில் எடுத்துரைத்தார். பாப்பரசர்கள் 13-ம் சிங்கராயரும் 11-ம் பத்திநாதரும் தொழிலாளரைக் குறித்து எழுதிய நிருபங்களின்மேல் தன் ராஜ்யம் கட்டப்பட்டதென்று அந்த அரசு சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இங்கே நினைவிற் கொள்ள வேண்டும். அந்த நிருபங்களைச் சுட்டிக் கேள்வி கேட்ட மேற்றிராணியாருக்குக் கிடைத்தது என்ன? 1959-ல் வெளிநாடு சென்றவர் திரும்பி நுழையத் தடுக்கப்பட்டார். பத்து வருஷம் பரதேசத்தில் இருந்து, 1969-ல்தான் தம் மந்தையிடம் வந்து சேர்ந்தார்.

மூன்றாமவரின் கதை நம் பாரத தேசத்தில் நடந்தது. அர்ச். சவேரியாரின் திருச்சரீரம் இருக்கும் கோவா, 1510 முதல் போர்த்துக்கீசியர் வசம் இருந்தது. நாம் 1947-ல் சுதந்திரம் அடைந்த பின்பும் அதைப் பற்றிப் பேசவே சலசார் இணங்கவில்லை. 1955 ஆகஸ்ட் 15-ந் தேதி ஆயுதமின்றி எல்லைக்குள் நுழைந்த சத்தியாக்கிரகிகள் இருபது பேருக்கு மேல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். கடைசியில் 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் எல்லையில் வந்து நின்றபோது, கோவாவின் கவர்னர் ஜெனரலாயிருந்த வசாலோ எ சில்வாவுக்கு லிஸ்பனிலிருந்து தந்தி வந்தது. சரணடைதல் கூடாது, வெற்றி பெறு அல்லது மடிந்து போ என்பதே அதன் சாரம். அவர் வசம் இருந்தவர்கள் சுமார் 3,300 சிப்பாய்கள். எதிர்த்து நின்றது அதைப்போல் பல மடங்கு சேனை. வெல்ல வழியில்லை. ஒரு மனிதரின் கௌரவத்துக்காக இத்தனை தாய்மார்களின் பிள்ளைகளைப் பலியிடுவதா? டிசம்பர் 19-ந் தேதி மாலை அவர் சரணடைந்தார். ஊரும் கோவில்களும் ஜனங்களும் தப்பினார்கள். ஊர் திரும்பிய அவரை 1963-ல் ராணுவத்திலிருந்தே நீக்கினார்கள். 1974-ல் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகுதான் அவர் பதவி திரும்பக் கிடைத்தது.

பிரியமானவர்களே, ஒருவர் அகதிக்கு வாசலைத் திறந்தார், ஒருவர் ஏழைக்காகப் பேசினார், ஒருவர் சிப்பாய்களின் உயிரைக் காத்தார். மூவரும் செய்தது சுவிசேஷத்துக்கு இசைவான காரியம். மூவரையும் தண்டித்தவர் திருடரல்லர், நாஸ்திகரல்லர், குருமடத்தில் எட்டு வருஷம் படித்தவர். இதற்குக் காரணம் யாது?

காரணம் இதுவென்று எனக்குத் தோன்றுகிறது. அவர் கணக்கை நேர்செய்தார், ஆனால் தாம் யாருக்கும் கணக்குக் கொடுக்கவில்லை. இவை இரண்டும் வெவ்வேறு புண்ணியங்கள். சுவிசேஷத்தில் சேசுநாதர் சொன்ன காரியஸ்தனின் உவமையை நினைத்துப் பாருங்கள். எஜமான் அவனைக் கூப்பிட்டுக் கணக்கு ஒப்புவிக்கச் சொல்லுகிறார். கணக்குக் கேட்பது எஜமானின் உரிமை, கொடுப்பது காரியஸ்தனின் கடமை. ஆளுகிறவன் காரியஸ்தனே அன்றி எஜமானல்லன். அதிகாரம் சர்வேசுரனிடமிருந்து வருகிறது என்பது மெய். ஆனால் அது பொது நன்மைக்காக வருகிறது. அது நிறைவேறுகிறதா என்று கேட்கும் உரிமை அந்த நன்மைக்கு உரியவர்களான ஜனங்களுக்கு உண்டு.

அர்ச். தோமாஸ் அக்குவினாஸ் இதைத் தெளிவாகப் போதிக்கிறார். தன் சொந்த நன்மைக்காக ஆளுகிறவன் கொடுங்கோலன் என்கிறார். சலசார் சொந்தமாகப் பணம் தேடவில்லையே என்று கேட்கலாம். மனிதன் தனக்கென்று வைத்துக்கொள்ளக்கூடியது பணம் மாத்திரமன்று. தன் சித்தமும் தன் எண்ணமுங்கூட ஒரு சொத்துத்தான். பணத்தைத் துறந்தவர்களுக்கும் இதைத் துறப்பது கடினம். அதே வேதசாஸ்திரி, மோயீசன் ஜனங்களுக்குள்ளிருந்தே மூப்பர்களைத் தெரிந்துகொண்டதை எடுத்துக்காட்டி, தலைவன் ஒருவன் இருக்க, அவனோடு புண்ணியவான்கள் சிலர் பங்கெடுக்க, அவர்களைத் தெரிந்துகொள்வதில் எல்லாருக்கும் பங்கிருப்பதே சிறந்த ஆட்சிமுறை என்று எழுதுகிறார். எழுநூறு வருஷத்துக்கு முந்திய இந்தப் போதனையைக் குருமடத்தில் படித்தவர்கள் அறியாதிருக்க மாட்டார்கள்.

தாவீது ராஜாவைப் பாருங்கள். அவன் செய்த பாவம் சலசார் செய்ததாக யாரும் சொல்லத் துணியாத பாவம். விபசாரமும் கொலையும் செய்தான். ஆனால் நாத்தான் தீர்க்கதரிசி அரண்மனைக்குள் வந்து முகத்துக்கு நேரே குற்றத்தைச் சொன்னபோது, அவன் நாத்தானை நாடு கடத்தவில்லை. செவிகொடுத்தான், அழுதான், மனந்திரும்பினான். போர்த்தோ மேற்றிராணியார் எழுதிய கடிதம் ஒரு நாத்தானின் குரல். அதற்கு மறுமொழி பத்து வருஷப் பரதேசம். பாவமற்றவனென்று தன்னை எண்ணுகிறவனுக்குக் கண்டிக்கிறவன் தேவையில்லை என்று தோன்றும். தனி ஒழுக்கம் உள்ளவனுக்கு வரும் சோதனை இதுவே. எனக்கு ஆசையில்லை, ஆகவே என் தீர்ப்பில் பிழையில்லை என்று அவன் எண்ணிவிடுகிறான்.

இங்கே ஒரு ஆட்சேபம் எழும். அதற்குமுன் இருந்த குழப்பத்தைவிட இது மேலல்லவா? திருச்சபையைத் துன்பப்படுத்தியவர்களைவிட இவர் நல்லவரல்லவா? குழப்பம் தீமைதான். அதை நீக்கியது நன்மைதான். ஆனால் காய்ச்சலுக்குக் கொடுத்த மருந்தை நாற்பது வருஷம் கொடுத்துக்கொண்டிருந்தால் அது மருந்தாகாது. மேலும், ஒரு ஆட்சி திருச்சபைக்குச் சலுகை கொடுக்கிறதா என்பதை மாத்திரம் பார்த்து, அண்டை வீட்டானுக்கு நீதி கொடுக்கிறதா என்பதைப் பாராதிருந்தால், நாம் சொந்த லாபத்துக்காகத் தராசைச் சாய்த்தவர்களாவோம். போர்த்துக்கல் திருச்சபையில் பெரியவர்கள் பலர் நெடுங்காலம் மௌனமாக இருந்தார்கள் என்பதை மறைப்பதற்கில்லை. சலுகை எவ்வளவு தூரம் கைகொடுத்தது? 1964 டிசம்பரில் பாப்பரசர் 6-ம் சின்னப்பர் நற்கருணை மகாநாட்டுக்காகப் பம்பாய்க்கு வந்தார். கோவாவை இழந்த கோபம் ஆறாதிருந்த அந்தக் கத்தோலிக்க அரசு, அர்ச். இராயப்பரின் வாரிசு இந்தியாவில் கால் வைத்ததற்கே கண்டனம் தெரிவித்தது.

இதெல்லாம் ராஜ்ய விவகாரம், நமக்கென்ன என்று இருந்துவிடாதீர்கள். சின்ன அளவில் இது நம் வீடுகளிலும் உண்டு. குடியாத, சூதாடாத, சம்பளத்தை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவருகிற தகப்பனார் இருப்பார். குடும்ப ஜெபம் தவறாது. பிள்ளைகளின் படிப்பு, மகளின் விவாகம், வீட்டு மனை வாங்குவது எல்லாம் அவர் ஒருவர் தீர்மானம். மனைவி வாய் திறந்தால், "நான் யாருக்காகச் சம்பாதிக்கிறேன்?" என்ற கேள்வி வரும். அந்தக் கேள்விக்கு அவள் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் அவர் நல்லவர். கெட்டவனாயிருந்தால் எதிர்த்துப் பேசலாம். நல்லவரை எதிர்த்துப் பேசினால் ஊர் அவளைத்தான் குறை சொல்லும். பங்குச் சபைகளிலும் இப்படியே. கணக்கில் ஒரு ரூபாய் குறையாமல் இருபது வருஷம் பொருளாளராக இருப்பார். ஆனால் கணக்குப் புத்தகத்தை ஒருவர் பார்க்கக் கேட்டால், தம் நாணயத்தைச் சந்தேகிப்பதாக எண்ணிக் கோபிப்பார். கணக்குக் கேட்பது சந்தேகமன்று, அது முறைமை. நாணயமானவனுக்கே கணக்குக் காட்டுவதில் கஷ்டமில்லை. பீடத்தில் நிற்கிற எங்களுக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

சலசாரின் கடைசி நாட்கள் இதற்கோர் எச்சரிக்கை. 1968 ஆகஸ்டில் நாற்காலியிலிருந்து கீழே விழுந்தார். அடுத்த மாதம் அறுவைச் சிகிச்சையும் அதன்பின் நினைவிழப்பும் நேர்ந்தன. பிழைக்க மாட்டார் என்று எண்ணி, செப்டம்பர் 27-ந் தேதி மார்செலோ கயெத்தானோ என்பவரைப் பிரதம மந்திரியாக நியமித்துவிட்டார்கள். ஆனால் சலசாருக்கு நினைவு திரும்பிற்று. இனி நீர் பிரதம மந்திரி அல்ல என்று அவரிடம் சொல்ல ஒருவருக்கும் துணிவு வரவில்லை. பழைய மந்திரிகள் அவர் படுக்கையருகே வந்து, அவரே இன்னும் ஆளுவதுபோல் பேசிவிட்டுப் போனார்கள். 1970 ஜூலை 27-ந் தேதி மரிக்கும்வரை ஏறக்குறைய இரண்டு வருஷம் இப்படியே கழிந்தது. நாற்பது வருஷம் உண்மை பேசுகிறவர்களின் வாயை அடைத்தவருக்கு, கடைசியில் உண்மை சொல்ல ஆளில்லாமற் போயிற்று. இதைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருக்காக இரக்கப்பட வேண்டும். அவர் ஆன்மாவைச் சர்வேசுரனின் இரக்கத்துக்கு ஒப்புவிப்போம்.

அவர் மறைந்து நாலு வருஷத்துக்குள், 1974 ஏப்ரல் 25-ந் தேதி, அவர் கட்டிய ராஜ்யம் ஒரே நாளில் சரிந்தது. சிப்பாய்களின் துப்பாக்கி முனையில் ஜனங்கள் செந்நிறப் பூக்களைச் செருகினார்கள்.

ஆகவே, அடுத்த முறை ஒரு நல்ல மனிதன் கையில் எல்லாவற்றையும் ஒப்படைத்துவிடலாம் என்று யாராவது சொல்லக் கேட்டால், அவர் நல்லவரா என்ற கேள்வியோடு நின்றுவிடாதீர்கள். அவரிடம் கணக்குக் கேட்க யாருக்கு உரிமை உண்டு, கேட்டவனுக்கு மறுநாள் என்ன நேரும் என்ற இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேளுங்கள். நல்லவர்களை ஆளத் தெரிந்துகொள்வது நம் கடமை. அவர்கள் நல்லவர்களாகவே நிலைத்திருக்க, அவர்களிடம் கேள்வி கேட்டுக்கொண்டிருப்பதும் நம் கடமை. வீட்டில் இன்றிரவு ஜெபம் முடிந்ததும், தகப்பன்மாரே, உங்கள் மனைவியையும் வளர்ந்த பிள்ளைகளையும் பார்த்து, நான் செய்வதில் உங்களுக்குக் குறை ஏதாவது உண்டா என்று கேட்டுப் பாருங்கள். மறுமொழி சொல்லும்வரை பொறுமையாயிருங்கள்.

சர்வேசுரன் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குச் சுவாமியார்